பிரிட்டனில் கார் ‘ரைட் ஆஃப்’ ஆகிவிட்டதா? இன்சூரன்ஸில் முழு விலையை வாங்கும் வழி

2023 மார்ச்சில் ஒரு மாலை, லண்டன் நார்த் சர்குலர் சாலை நெரிசலில் நின்றிருந்த என் காரைப் பின்னாலிருந்து வந்த வேன் ஒன்று இடித்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காரின் பின்பக்கம் அப்பளமாகிவிட்டது. பத்து நாள் கழித்து என் இன்சூரன்ஸ் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். “உங்கள் கார் டோட்டல் லாஸ். மதிப்பு 10,900 பவுண்டு. எக்ஸஸ் 350 போக மீதி தருகிறோம். சரி என்றால் நாளைக்கே கணக்கில் ஏறிவிடும்” என்றார். டோட்டல் லாஸ் என்றாலும் ரைட் ஆஃப் என்றாலும் ஒன்றுதான்: காரைப் பழுது பார்க்காமல் கைவிட்டு, அதன் மதிப்பைப் பணமாகத் தருவது. எக்ஸஸ் என்பது கிளெயிமில் நம் பங்காகக் கழிக்கும் தொகை. கார் இல்லாமல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப நாய்படாத பாடு பட்டுக்கொண்டிருந்த நேரம். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். என்ன தோன்றியதோ, “மின்னஞ்சலில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்” என்றேன். ஆறு வாரம் கழித்து அதே காருக்கு 12,150 பவுண்டு மதிப்புப் போட ஒப்புக்கொண்டார்கள்.

அந்த ஆறு வாரத்தில் கற்றதும், அதற்குப் பிறகு நண்பர்களுக்காகக் கடிதம் எழுதிக் கற்றதும்தான் இந்த வழிகாட்டி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்தியாவில் கார் வைத்திருந்தவர்களுக்கு ஐடிவி என்ற காப்பீட்டு மதிப்பு பழக்கம். புது காரின் ஷோரூம் விலையிலிருந்து வயதுக்கு ஏற்ப இத்தனை சதவீதம் கழித்து, பாலிசி எடுக்கும்போதே தொகையை எழுதிவிடுவார்கள். பிரிட்டனில் அப்படி இல்லை. பாலிசி எடுக்கும்போது இணையத்தில் “உங்கள் காரின் மதிப்பு என்ன?” என்று கேட்பார்கள்; நீங்கள் போட்ட எண் கைக்கு வரும் என்று உத்தரவாதம் எதுவும் கிடையாது. வருவது ‘மார்க்கெட் வேல்யூ’. அதாவது விபத்துக்குச் சற்று முன்பு உங்கள் கார் எந்த நிலையில் இருந்ததோ, அதே மாதிரி ஒரு காரை அன்றைக்கு வாங்க எவ்வளவு ஆகியிருக்கும் என்ற தொகை. அந்தத் தொகையைக் கணக்கிடுவது பணம் கொடுக்க வேண்டிய நிறுவனமே. பேரம் பேச இடம் இருப்பது இதனால்தான்.

இது என் சந்தேகப் புத்தி இல்லை. நிதித்துறையைக் கண்காணிக்கும் எஃப்சிஏ, 2022 டிசம்பரிலேயே வாகன இன்சூரன்ஸ் நிறுவனங்களைப் பகிரங்கமாக எச்சரித்தது: சேதமான கார்களுக்கு நியாயமான மதிப்பைவிடக் குறைத்துச் சொல்லாதீர்கள், வாடிக்கையாளர் புகார் செய்த பிறகு மட்டும் ஏற்றிக் கொடுக்காதீர்கள் என்று. டைரக்ட் லைன் குழுமம் 2017 செப்டம்பர் முதல் 2022 ஆகஸ்ட் வரையிலான தன் டோட்டல் லாஸ் கிளெயிம்களைத் திரும்பப் பார்த்து, குறைவாகப் பெற்றவர்களுக்கு மிச்சத்தைக் கொடுக்க 2023-ல் ஒப்புக்கொண்டது. 2025-ல் எஃப்சிஏ இன்னும் பெரிய கணக்கை வெளியிட்டது: சுமார் 2,70,000 பேருக்கு மொத்தம் 20 கோடி பவுண்டு அளவில் நஷ்டஈடு போய்ச் சேர வேண்டும் என்று. அந்தக் குறைவுக்கு என்ன காரணம் என்பது ஐந்தாம் படியில் வருகிறது. உங்களுக்கும் அதுவே நடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

முதல் படி: தொலைபேசியில் ஒப்புக்கொள்ளாதீர்கள்

இரண்டு காரியம் மட்டும் செய்யுங்கள். தொகையை எழுத்தில் கேளுங்கள். அப்புறம், முடிவு சொல்லும்வரை காரை அழிக்கவோ விற்கவோ வேண்டாம் என்று எழுதி அனுப்புங்கள். கார் கிடங்குக்குப் போவதற்கு முன் டேஷ்கேம், குழந்தை இருக்கை, கையுறைப் பெட்டியிலுள்ள தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, உள்ளும் புறமும் படம் பிடித்துவிடுங்கள். மைல் மீட்டரையும் பிடியுங்கள். இடிபடாத பக்கங்களைப் பிடிப்பதுதான் முக்கியம். கார் நல்ல நிலையில் இருந்தது என்பதற்குப் பின்னால் அதுதான் சாட்சி.

அவசரம் அவர்கள் பக்கம் சாதகமாக வேலை செய்யும். டோட்டல் லாஸ் என்றால் பல பாலிசிகளில் மாற்று கார் கிடையாது. கொடுத்திருந்தாலும் தொகை சொன்ன சில நாளில் திரும்பக் கேட்பார்கள். இதற்கு மருந்து ‘இன்டரிம் பேமென்ட்’. “நீங்கள் சொன்ன தொகையை இடைக்காலமாகக் கொடுங்கள், மதிப்பை நான் ஏற்கவில்லை, மீதிக்காக வாதாடப் போகிறேன்” என்று எழுதுங்கள். சண்டை இல்லாத தொகையைப் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். ‘ஃபுல் அண்ட் ஃபைனல்’ (இதோடு கணக்கு முடிந்தது) என்ற சொல் உள்ள தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டாம் படி: கணக்கை வாங்குங்கள்

எஞ்சினியர் ரிப்போர்ட், எந்தெந்த விலைக் கையேடுகளைப் பார்த்தார்கள், ஒவ்வொன்றும் என்ன சொன்னது, என்ன கழித்தார்கள், ஏன் கழித்தார்கள். இந்த ஐந்தையும் கேளுங்கள். “எங்கள் சிஸ்டம் சொன்ன தொகை” என்று பதில் வந்தால் திரும்பக் கேளுங்கள்.

மூன்றாம் படி: அது உங்கள் கார்தானா?

சிரிக்காதீர்கள். என் கார் 2017 டொயோட்டா யாரிஸ் ஹைப்ரிட், ‘எக்ஸல்’ வகை. ரிப்போர்ட்டில் அதைவிடக் குறைந்த ‘ஐகான்’ வகை என்று இருந்தது. 41,000 மைல் ஓடிய காருக்கு 52,000 மைல் போட்டிருந்தார்கள். பாலிசி எடுக்கும்போது ஆண்டுக்கு இத்தனை மைல் ஓட்டுவேன் என்று நான் சொன்னதை வைத்துப் பெருக்கிவிட்டார்கள் போல. இந்த இரண்டையும் திருத்தியதிலேயே நான் கூடுதலாகப் பெற்றதில் பாதிக்கு மேல் வந்துவிட்டது.

ஆகவே ஒவ்வொரு வரியாகச் சரிபாருங்கள்: முதல் பதிவு மாதம், வகை, எஞ்சின், கியர், மைல், தொழிற்சாலையிலேயே பொருத்திய கூடுதல் வசதிகள். மைலுக்கு ஆதாரம் எளிது. அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எம்ஓடி என்ற கட்டாய வாகனச் சோதனையின் வரலாறு இலவசமாக வரும், ஒவ்வொரு சோதனை நாளிலும் ஓடிய மைல் அதில் இருக்கும். சர்வீஸ் புத்தகம் இருந்தால் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து இணையுங்கள்.

புது டயர், புது பிரேக் போட்ட பில்லை வைத்துக்கொண்டு அந்தத் தொகையைக் கேட்டால் கிடைக்காது. பராமரிப்புச் செலவு என்று தள்ளிவிடுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் கார் நன்றாகப் பராமரிக்கப்பட்டது என்பதற்கு அந்த பில்கள் உதவும். தூக்கிப் போடாதீர்கள்.

நான்காம் படி: கையேடுகளும் விளம்பரங்களும்

பிரிட்டனில் பழைய கார் விலையைத் தீர்மானிக்க இந்தத் தொழிலில் உள்ளவர்கள் பார்ப்பவை கிளாஸஸ், கேப், பெர்கேஸோ, ஆட்டோ டிரேடர் போன்ற கையேடுகள். பெயர் கையேடு, உண்மையில் கணினித் தரவுத்தளங்கள். ஒரே காருக்கு நான்கும் நான்கு விலை சொல்லும். சில நிறுவனங்கள் குறைவானதை எடுக்கும், சில சராசரி போடும்.

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம். இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்க்கும் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மன் அமைப்பின் பொதுவான அணுகுமுறை இது: கையேடுகள் சொல்லும் விலைகளில் மிக அதிகமானதைக் கொடுக்க வேண்டும், அதைவிடக் குறைவாகக் கொடுத்தால், அந்தக் குறைந்த தொகைக்கே அதேமாதிரி கார் கிடைக்கும் என்பதற்கு நிறுவனம்தான் ஆதாரம் காட்ட வேண்டும். சராசரி போட்டுக் கொடுத்திருந்தால் “ஏன் அதிகமானதைக் கொடுக்கவில்லை?” என்ற ஒரே கேள்வி போதும். பல புகார்கள் இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். கையேடுகளில் டிரேட் விலை, ரீடெய்ல் விலை என்று தனித்தனி எண்கள் உண்டு. டிரேட் என்பது டீலர் இன்னொரு டீலரிடம் வாங்கும் விலை. நீங்கள் கார் வாங்கப்போவது டீலரிடம், அதனால் உங்களுக்குச் சேர வேண்டியது ரீடெய்ல். எந்த எண்ணை எடுத்தீர்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கையேடு போதாதபோது விளம்பரம் கைகொடுக்கும். 2021, 2022-ல் சிப் தட்டுப்பாட்டால் புது கார் வருவது குறைந்து, பழைய கார் விலை ஏறிக்கொண்டே போனது. அப்போது கையேடு சொன்ன விலையில் ஊரில் கார் கிடைக்கவில்லை என்று பலர் திண்டாடினார்கள். அம்மாதிரிச் சமயங்களில் விளம்பரங்களுக்கு எடை கூடும். தேடும் முறை இது: அதே மாடல், அதே வகை, அதே பதிவு ஆண்டு, அதே கியர், மைல் கொஞ்சம் முன்பின். டீலர் விளம்பரங்களை மட்டும் எடுங்கள். முன்பு ரைட் ஆஃப் ஆன கார்களை ஒதுக்குங்கள், அவை விலையைக் கீழே இழுக்கும். ஆறேழு கிடைத்தால் போதும். ஒவ்வொன்றையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கார் விற்றுவிட்டால் விளம்பரம் மறைந்துவிடும், பின்னால் சுட்டியை மட்டும் அனுப்பிப் பயனில்லை.

மிக அதிக விலை உள்ள இரண்டை மட்டும் பொறுக்கி அனுப்பும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. செய்யாதீர்கள். கிடைத்த எல்லாவற்றையும், குறைந்ததையும் சேர்த்து அனுப்பினால் படிப்பவருக்கு நம்பிக்கை வரும். “விளம்பர விலை கேட்கும் விலைதான், பேசினால் குறையும்” என்று பதில் வரும். இப்போது பல பெரிய டீலர்கள் பேரமே பேசுவதில்லை. ஒரு டீலரைக் கூப்பிட்டு, குறைப்பீர்களா என்று கேட்டு அவர் சொன்ன பதிலை மின்னஞ்சலில் வாங்கி இணைத்தால் அந்த வாதமும் அடங்கும்.

ஐந்தாம் படி: ‘ஏற்கெனவே இருந்த சேதம்’ என்ற கழிவு

2025-ல் எஃப்சிஏ சொன்ன 20 கோடி பவுண்டு கதையின் நடுநாயகம் இதுதான். பழைய கார் என்றால் எங்காவது கீறல், உள்வாங்கல் இருக்கத்தான் செய்யும் என்று அனுமானித்து, சில நிறுவனங்கள் காரைப் பார்க்காமலேயே தானாக ஒரு தொகையைக் கழித்து வந்தன. நல்ல நிலையில் வைத்திருந்தவர்களுக்கும் அதே கழிவு. பார்த்துப் பார்த்துக் கழுவித் துடைத்தவரையும், ஐந்து வருடம் துணி படாமல் வைத்திருந்தவரையும் ஒரே தராசில் நிறுத்தினால் யார் நஷ்டப்படுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் கணக்கில் ‘ப்ரீ ஆக்ஸிடென்ட் டேமேஜ்’, ‘கண்டிஷன் அட்ஜஸ்ட்மென்ட்’, ‘பழைய சேதம்’ என்று எந்தப் பெயரில் கழிவு வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். காரின் எந்தப் பகுதியில் அந்தச் சேதம்? அதைக் காட்டும் படம் எங்கே? அதனால் சந்தை விலை இவ்வளவு குறையும் என்று எப்படிக் கணக்கிட்டீர்கள்?

ஏழு வயது காரில் பார்க்கிங்கில் விழுந்த சின்னக் கீறல் விலையைக் குறைக்காது, ஏனென்றால் அந்த வயது காரை வாங்குபவர் அதை எதிர்பார்த்துத்தான் வாங்குகிறார்; கையேடுகளின் விலையிலும் வயதுக்கேற்ற சாதாரணத் தேய்மானம் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அதையே தனியாக இன்னொரு முறை கழிப்பது இரட்டைக் கழிவு. இந்த ஒரு வாக்கியத்தைக் கடிதத்தில் கட்டாயம் சேருங்கள். மறுபக்கம், கதவு உள்ளே போயிருந்தது, பம்பர் தொங்கிக்கொண்டிருந்தது என்றால் கழிவு நியாயம்தான். சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

முன்பே எடுத்து வைத்த படம் இல்லையா? கைபேசியைத் துழாவுங்கள். கோவில் வாசலில் காரோடு நின்று எடுத்த குடும்பப் படம் ஒன்றாவது எல்லோரிடமும் இருக்கும். என் நண்பர் ஒருவருக்கு ஈஸ்ட் ஹாமில் தேர்த்திருவிழா அன்று எடுத்த படம்தான் கைகொடுத்தது. கார் முழுசாக, தேதியோடு விழுந்திருந்தது.

ஆறாம் படி: எழுதுங்கள், அதைப் புகார் என்று சொல்லுங்கள்

“மறுபரிசீலனை செய்யுங்கள்” என்று கெஞ்சிக் கேட்டால் அது சும்மா ஒரு வேண்டுகோளாகவே போய்விடலாம். “இது முறையான கம்ப்ளெயின்ட்” என்று எழுதினால் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். புகார் கிடைத்த நாளிலிருந்து எட்டு வாரத்துக்குள் அவர்கள் ‘ஃபைனல் ரெஸ்பான்ஸ்’ என்ற கடைசிப் பதிலைக் கொடுக்க வேண்டும்.

கடிதம் ஒரு பக்கம் போதும். விபத்துக்கு முன் காரின் விவரம், நீங்கள் கண்ட பிழைகள், கையேடுகளில் அதிகமான எண், விளம்பரங்களின் பட்டியல், கழிவுக்கு உங்கள் பதில், கடைசியில் நீங்கள் கேட்கும் தொகை. எண்ணைச் சொல்லாமல் “நியாயமாகக் கொடுங்கள்” என்று முடித்தால் ஐம்பது பவுண்டு ஏற்றிக் கொடுத்துவிட்டு நியாயம் செய்துவிட்டோம் என்பார்கள். கோபத்தை வெளியே வையுங்கள். கடைசியில் ஆம்புட்ஸ்மன் படிக்கப்போகும் காகிதம் அது.

எனக்கு இரண்டு கடிதத்தில் முடிந்தது. முதல் பதிலில் 11,600-க்கு வந்தார்கள், இரண்டாவதில் 12,150. நான் கேட்டது 12,400. அங்கேயே நிறுத்திக்கொண்டேன், மிச்சம் 250-க்காக மாதக்கணக்கில் காத்திருக்க மனமில்லை. இது என் கணக்கு, உங்களுடையது வேறாக இருக்கலாம்.

ஏழாம் படி: ஆம்புட்ஸ்மன்

ஃபைனல் ரெஸ்பான்ஸ் பிடிக்கவில்லை என்றாலோ, எட்டு வாரம் தாண்டியும் பதில் இல்லை என்றாலோ ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கடைசிப் பதிலின் தேதியிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. இலவசம், வக்கீல் தேவையில்லை, இணையத்திலேயே படிவம். முதலில் ஒரு விசாரணையாளர் பார்த்துக் கருத்துச் சொல்வார். இரு தரப்பில் யாராவது ஏற்காவிட்டால் ஆம்புட்ஸ்மன் ஒருவர் இறுதித் தீர்ப்பு எழுதுவார். அதை நீங்கள் ஏற்றுக்கொண்டால் நிறுவனம் கட்டுப்பட்டாக வேண்டும். விலை வித்தியாசத்தோடு, தாமதத்துக்கு வட்டியும் அலைச்சலுக்குச் சிறு தொகையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்வது உண்டு.

புகார் எழுதும் முன்பே செய்யவேண்டிய ஒன்று: அவர்களுடைய இணையதளத்தில் பழைய தீர்ப்புகள் வாடிக்கையாளர் பெயர் இல்லாமல், நிறுவனத்தின் பெயரோடு கிடைக்கும். உங்கள் நிறுவனத்தின் பெயரைப் போட்டு மார்க்கெட் வேல்யூ என்று தேடுங்கள். உங்கள் வழக்கு போலவே ஒன்று பெரும்பாலும் அகப்படும். அதன் எண்ணைக் கடிதத்தில் குறிப்பிட்டால் எதிர்ப்பக்கத் தொனியே மாறும்.

எதிராளியின் இன்சூரன்ஸிடம் நேரடியாகக் கிளெயிம் செய்திருந்தால் இந்த வழி கிடையாது. நீங்கள் அவர்களுடைய வாடிக்கையாளர் இல்லையே. அப்போது போக வேண்டிய இடம் நீதிமன்றம்; இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையிலான தகராறு சிறு வழக்கு முறையில் வரும். நான் என் நிறுவனம் வழியாகப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். தப்பு வேன்காரர் மீது இருந்ததால், 350 எக்ஸஸ் மட்டும் பின்னால் அவர் தரப்பிலிருந்து வந்து சேர்ந்தது.

நடுவில் கவனிக்க வேண்டிய சில்லறை, ஆனால் காசு போகும் விஷயங்கள்

கார் ஃபைனான்ஸில் இருந்தால் பணம் முதலில் ஃபைனான்ஸ் நிறுவனத்துக்குப் போகும், மீதிதான் உங்களுக்கு. கடன் பாக்கி அதிகமாகவும் கார் மதிப்பு குறைவாகவும் இருந்தால் கைக்காசு போட வேண்டிவரும். கேப் (GAP) இன்சூரன்ஸ் இருந்தால் அந்த இடைவெளியை அது நிரப்பும்; மேலே சொன்ன கேப் விலைக் கையேடு வேறு, இது வேறு. ஆனால் தொகையை ஏற்றுக்கொள்வதற்கு முன்பே தங்களிடம் சொல்ல வேண்டும் என்று பல கேப் பாலிசிகளில் நிபந்தனை இருக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

பிரீமியத்தை மாதத் தவணையில் கட்டுகிறீர்களா? அந்த ஆண்டின் மீதித் தவணைகள் முழுவதையும் நஷ்டஈட்டிலிருந்து கழிப்பார்கள். எரிச்சலாக இருக்கும், ஆனால் கிளெயிம் கொடுத்துவிட்டால் பாலிசி தன் வேலையை முடித்துவிட்டது என்பது அவர்கள் வாதம், அது பொதுவாக எடுபடும். புது காரை அதே பாலிசியில் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

காரை நீங்களே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் வகையைப் பாருங்கள். 2017 அக்டோபருக்குப் பிறகு நான்கு வகை: ஏ, பி, எஸ், என். ஏ என்றால் முழுக்க நசுக்க வேண்டியது. பி என்றால் பாகங்களைக் கழற்றி விற்கலாம், உடல் நசுக்கப்படும். இந்த இரண்டும் திரும்ப ரோட்டுக்கு வரக் கூடாது. ‘எஸ்’ என்பது கட்டமைப்பில் சேதம், ‘என்’ என்பது கட்டமைப்பில் சேதம் இல்லாதது; இவை இரண்டையும் பழுது பார்த்து ஓட்டலாம். வைத்துக்கொண்டால் சால்வேஜ் மதிப்பை, அதாவது இடிபட்ட காரை விற்றால் கிடைக்கும் தொகையை, கழித்துத்தான் தருவார்கள். அந்த முத்திரை காரோடு எப்போதும் இருக்கும், விற்கும்போது விலை இறங்கும், அடுத்த இன்சூரன்ஸும் கேட்கும். கை தேர்ந்த மெக்கானிக் ஒருவர் உறவினராக இல்லாவிட்டால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆசையாக வாங்கிய தனிப்பட்ட நம்பர் பிளேட் இருந்தால் காரை ஒப்படைக்கும் முன் எடுத்துவைத்துக்கொள்ள விண்ணப்பியுங்கள், 80 பவுண்டு. தாமதித்தால் காரோடு போய்விடும். காரை இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் கொடுத்ததும், வாகனப் பதிவைக் கவனிக்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏ-வுக்கு அறிவிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. விட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். அறிவித்துவிட்டால், சாலை வரியில் மீதமுள்ள முழு மாதங்களுக்கான பணம் தானாகத் திரும்பி வரும்.

பழைய கிளெயிம் என்றால்

சில வருடத்துக்கு முன்பே குறைந்த தொகைக்குச் சரி சொல்லிவிட்டவர்களும் கதவு மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். எஃப்சிஏ சொன்ன நஷ்டஈட்டில் பெரும்பகுதியை நிறுவனங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டன. மீதிக்கும் அவர்களே தேடி வந்து எழுத வேண்டும், நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் வீடு மாறியிருந்தால் கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கும். பழைய நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, புது முகவரியைக் கொடுத்து, “என் டோட்டல் லாஸ் கிளெயிம் மறுபார்வையில் சேர்ந்திருக்கிறதா?” என்று கேளுங்கள். சேரவில்லை என்றாலும் புகார் செய்யலாம். பொதுவாக நடந்ததிலிருந்து ஆறு வருடம், அல்லது பிரச்சினை தெரிந்ததிலிருந்து மூன்று வருடம், எது பிந்தியதோ அதுவரை ஆம்புட்ஸ்மன் பார்ப்பார். முன்பே புகார் செய்து ஃபைனல் ரெஸ்பான்ஸ் வாங்கியவர்களுக்கு மட்டும் அந்த ஆறு மாதக் கெடுதான்.

இதற்கிடையில் “உங்கள் பணத்தை நாங்கள் வாங்கித் தருகிறோம், வருவதில் ஒரு பங்கு எங்களுக்கு” என்று கிளெயிம் கம்பெனிகள் அழைக்கக்கூடும். தமிழிலேயே பேசி அழைத்தாலும் சரி, வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். அவர்களும் இதே மின்னஞ்சலைத்தான் அனுப்பப்போகிறார்கள்.